பெரட்டில் கூப்பிட்ட முதல் பேர்

என் அம்மா மயிலம்மாள் மலைக்காட்டில் ரப்பர் பால் வெட்டிய வீட்டில் பிறந்தவள். கங்காணி வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அவளுடைய கதையை அவள் வாயாலும், அவள் தோழி பஞ்சாலை அத்தை வாயாலும் கேட்டிருக்கிறேன். கேட்டபடி எழுதுகிறேன்.

ரந்தா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எஸ்டேட் அது. அங்கே இருந்த சனங்களில் பாதிப்பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் என் தாத்தாவின் அப்பா. அதனால் அவர் பெரிய கங்காணி. அவர் கண்ணை மூடியதும் கங்காணித் தலைப்பாகை தாத்தா மாயாண்டிக்கு வந்தது. கூடவே எல்லாமும் வந்தது. பால் சேர்க்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் சமதரையில் இருந்த ரப்பர் நிரைகள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்களுக்கு. மேடும் பள்ளமுமாக, அட்டை கடிக்கும் மலைக்காடு மற்றவர்களுக்கு. மாரியம்மன் கோவில் திருநீறு முதலில் எங்கள் வீட்டு நெற்றிக்குத்தான். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் பெரட்டுத் திடலில் கூடி நிற்பார்கள். தாத்தா பேர் கூப்பிடுவார். முதல் பேர் "சன்னாசி". அது முன் வரிசையில் நிற்கும் என் அப்பா. காய்ச்சலில் படுத்திருந்தால்கூட அந்தப் பேரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவார்.

அப்பா தாத்தாவைப் போல இல்லை. தாத்தா குரல் எடுத்தால் நாலாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் பிள்ளை அழுகையை நிறுத்தும். அப்பா பேசினால் பக்கத்தில் நிற்கிறவனே "என்னாண்ணே?" என்று கேட்பானாம். "பெரிய கங்காணி ரத்தம் இதுக்கிட்ட வர்றதுக்குள்ள தண்ணியாப் போச்சு" என்று தாத்தா நாலு பேர் இருக்கும்போதே சொல்வார். அப்பா சிரித்துக்கொள்வார்.

ஜப்பான்காரன் வந்தான். தொரைமார்கள் ஓடினார்கள். பால் வெட்டு நின்றது. மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு மரவள்ளி நட்டார்கள். சோறு என்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாகிவிட்டது. சாக்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். அதையெல்லாம் பொறுத்தார்கள். பொறுக்க முடியாமல் போனது சயாம்தான். அங்கே ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி வந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. தகவல்கூட வரவில்லை.

முதல் இரண்டு லாரிக்கும் ஆள் சொன்னது தாத்தா. வீட்டில் உட்கார்ந்தபடியே எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கத்திடம் இன்னார் இன்னார் என்று சொல்லி அனுப்பினார். எல்லாரும் மலைக்காட்டு ஆட்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு தலை அசையவில்லை.

இரண்டாவது லாரிக்கு அம்மாவின் தம்பி மணியத்தின் பேரும் இருந்தது. அம்மா தாத்தா காலில் விழுந்தாள்.

"மாமா, அவன் ஒருத்தன்தான் எங்க வீட்டுக்கு."

தாத்தா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "சரி, சம்மந்தி வீட்டுப் பையன். விடு."

மணியம் நின்றான். அவனுக்குப் பதிலாக லாரி ஏறியது பஞ்சாலை அத்தையின் புருசன் முனியாண்டி. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அம்மாவும் அவளும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே வாளியில் பால் சுமந்தவர்கள். அன்றைக்குப் பிறகு குழாயடியில் அம்மாவைக் கண்டால் அத்தை பானையைத் தூக்கி ஒதுங்கி நிற்பாள்.

"நீங்க மொதல்ல புடிங்க, கங்காணியம்மா. உங்க வீட்டுக்குத்தானே எல்லாம் மொதல்ல."

அம்மா தண்ணீர் பிடிக்காமலே வந்துவிடுவாள். வயிற்றில் அப்போது நான் இருந்தேன். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது லாரி வரப்போகிறது என்ற சேதி வேறு மாதிரி வந்தது. இந்தத் தடவை கங்காணியைக் கேட்க மாட்டார்களாம். ஒரு ஜப்பான் சார்ஜண்ட் தானே வருவானாம். ராசா டவுனுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பெரட்டில் நிற்க வைத்து, முன் வரிசையிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். சேதி கொண்டுவந்தது கிராணிதான். தாத்தா நம்பவில்லை.

"முன்னால நிக்கிறவன் மதிப்பான ஆளுன்னு அவனுக்குத் தெரியாதா? பின்னால பதுங்குறவனத்தான் புடிப்பான்."

அம்மாவுக்கு அன்று முழுதும் கை ஓடவில்லை. மரவள்ளியைச் சீவுகிறேன் என்று விரலைச் சீவிக்கொண்டாள். அப்பா சாம்பலை வைத்துக் கட்டும்போது சொன்னாள்:

"நீங்க நாளைக்குப் பின்னால போய் நில்லுங்க."

"அப்பா விடமாட்டாரு, மயிலு."

"மாமா முன்னால நிக்கட்டும். வயசானவர அவன் என்ன செய்யப் போறான்? நீங்க பின்னால நில்லுங்க. மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுங்க."

அப்பா முடிச்சைப் போட்டார். "நான் பின்னால போனா வேற ஒருத்தன் முன்னால வரணுமே" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். அவர் சத்தியம் பண்ணினார்.

காலையில் பெரட்டுத் திடலில் லாரி வந்து நின்றது. பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். அப்பா சத்தியம் பண்ணியபடி, தலையைக் குனிந்துகொண்டு பின் வரிசைக்குப் போனார். மணியத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

அவ்வளவுதான். கங்காணி மகனே பின்னால் போகிறான் என்றால் முன்னால் என்னமோ இருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சமதரை நிரைக்காரர்கள் மெல்ல நகர்ந்தார்கள். மலைக்காட்டு ஆட்கள் அவர்களுக்கும் பின்னால் போனார்கள். ஆளுக்கு ஆள் நெருக்கி, ஸ்டோர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தாத்தா திரும்பிப் பார்த்தபோது திடல் காலியாக இருந்தது. தலைப்பாகையோடு அவர் மட்டும் நடுவில் நின்றார்.

சார்ஜண்ட் கத்தியதில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. தாத்தாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். தலைப்பாகை விழுந்தது. அது வரைக்கும் அவர் மேல் கை வைத்தவர் யாரும் இல்லை. கிராணி ஓடி வந்து சொன்னார்:

"கங்காணி, ஒவ்வொருத்தனா பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்றான். கூப்பிட்டவன் லாரியில ஏறணுமாம். சீக்கிரம் கூப்பிடுங்க."

தாத்தாவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. உதட்டில் ரத்தம். அவர் கண்ணை மூடினார். வழக்கமாக நெஞ்சை நிமிர்த்திக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"சன்னாசி."

தாத்தா கண்ணைத் திறந்து, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நின்றார். எத்தனையோ வருசம் அந்த வாய் அப்படித்தான் தொடங்கியது. பயத்தில் அதற்குத் தெரிந்ததை அது செய்துவிட்டது. மனசறிந்து கூப்பிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. சாமிக்குத்தான் வெளிச்சம்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கீழே கிடந்த தலைப்பாகையை எடுத்து, தட்டி, தாத்தா கையில் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு சார்ஜண்ட் கிராணியிடம் என்னமோ கேட்டான். கிராணி அப்பாவிடம் திரும்பினார்.

"மகனான்னு கேட்டான். ஆமான்னேன். நீ போக வேணாமாம்லா, சன்னாசி. கிழவன் இனிமே ஒதவ மாட்டானாம். நீயே கங்காணியா இருந்துக்க, மத்தவங்க பேர நீ கூப்பிடுன்றான். கும்பிடு போட்டுட்டுக் கூப்பிடு, தம்பி."

அம்மாவுக்கு, கூப்பிட்டுவிடுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுவார்? பின்னால் மணியம் நிற்கிறான். அவனை விட்டுவிட்டால் வேறொருத்தி புருசன் நிற்கிறான். பக்கத்தில் பஞ்சாலை அத்தை நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மாரியாத்தா பேரைச் சொல்ல வாயெடுத்தாள். ஆத்தாவிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆட்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். வாயைத் திறந்தார். மூடினார். கிராணியிடம் அவர் சொன்ன அந்தச் சின்னக் குரல் அன்றைக்கு எல்லாருக்கும் கேட்டதாம்.

"எனக்கு வராதுங்க."

பிறகு நடந்து போய் லாரியில் ஏறி, அம்மா இருக்கும் பக்கம் முகம் தெரியும்படி உட்கார்ந்தார்.

சார்ஜண்ட் வேறு யாரையும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் போய் லாரி நிறையும் வரைக்கும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். மணியமும் போனான். சமதரைக்காரன், மலைக்காட்டுக்காரன் என்று அவன் பார்க்கவில்லை.

லாரி போனதும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சாலை அத்தை வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். "வயித்துப் புள்ளக்காரி ஈரத்துல உக்காராத" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் தாத்தாவும் அம்மாவும்தான். அவள் கஞ்சி வைப்பாள். அவர் தொடாமல் சுவரைப் பார்த்திருப்பார். ஒரு நாள் கேட்டார்:

"என் மேல ஆத்திரமா இருக்கா, தாயி?"

"பயமா இருக்கு மாமா."

"இனி என்ன பயம்? போகவேண்டியது போயிருச்சு."

"வரப்போறத நெனச்சுத்தான்."

தாத்தாவுக்கு அது புரியவில்லை. அவர் முகம் தெளிந்தது. "ஆம்பளப் புள்ளயாத்தான் இருக்கும். ஜப்பான்காரன் என்னிக்கும் இருக்கமாட்டான். தொரை வருவான். எம் பேரனுக்கு எல்லாம் திரும்ப வரும் பாரு" என்றார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எல்லாம் திரும்ப வரும் என்பதுதான் அவளுடைய பயம். அந்தக் குரலும் வரும். பிள்ளைக்கு அப்பாவின் மனசு வந்தால் லாரியில் ஏறிப் போய்விடுவான். தாத்தாவின் வாய் வந்தால் பிறரை ஏற்றி அனுப்புவான். எது வரட்டும் என்று அவளால் வேண்டிக்கொள்ள முடியவில்லை.

நான் பிறந்த அன்று மருத்துவச்சி முத்தாயி வாசலுக்கு வந்தபோது தாத்தா தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றாராம்.

"என்ன புள்ள?"

"பொட்டப்புள்ள, கங்காணி."

அவர் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மரவள்ளிக் காட்டுப் பக்கம் நடந்தார். உள்ளே பஞ்சாலை அத்தை வெந்நீரில் துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாளாம். அத்தைக்குக் கோபம் வந்ததாம்.

"பொட்டப்புள்ளன்னா அழுவுற?"

"இல்லடி" என்றாள் அம்மா. "இவள யாரும் பேர் கூப்பிடச் சொல்லமாட்டாங்க."