எட்டாம் நம்பர் சட்டையும் ஒரு மஞ்சள் பொட்டும்

ஒரு சட்டையின் முதுகிலிருந்து எட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், நடுநடுவே இதையும் எழுதுகிறேன். தைப்பதைவிடப் பிரிப்பதற்குத்தான் நேரம் அதிகம் ஆகும். ஊசி பிடித்தே கண் போன சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீமான்ட்டில் ரோசா ஆன்ட்டியின் தையல் கடையில் எனக்கு வேலை. கால்பந்து டீமின் சட்டைகளுக்கு நம்பர் தைப்பது இங்கேதான்.

சமைக்கிறவர்

நம்பர் தைக்கச் சட்டை கொண்டுவந்த மத்தேயோ, ஸ்பெயினிலிருந்து வந்தவர். எட்டாம் நம்பர், நடு மைதானத்தில் ஆடுகிறவர், முட்டியில் எப்போதும் கட்டு. "கோல் போடுவாரா?" என்று ஆன்ட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். கடையில் நான் வாய் திறந்ததே அன்றுதான். ஆன்ட்டி அவரிடமே அவர் பாஷையில் விசாரித்தார். பந்தைப் பிடுங்கி அடுத்தவன் காலில் வைப்பதுதான் இவர் வேலையாம். கோல் போட்டுக் கையைத் தூக்குகிறவன் வேறு ஆளாம். சமைக்கிறவள் ஒருத்தி, பரிமாறிப் பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி. எனக்குத் தெரியாததா?

ஆன்ட்டி சொன்னார்: "இந்த சீசன் நல்லா ஆடினாத்தான் டீம்ல வெச்சுக்குவாங்க. அப்பத்தான் பொண்டாட்டியையும் பொண்ணையும் அவர் இங்க கூட்டிட்டு வர முடியும்."

கறை

புதுத் துணி ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் கொடுக்க எனக்குக் கை வராது. முதல் ஆட்டத்துக்கு அவருடைய வெள்ளைச் சட்டையில் எட்டைத் தைத்து முடித்ததும், யோசிக்காமல் கீழ் மடிப்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். மேஜைக்கு அடியில் விளையாடும் என் மகள்தான் "யெல்லோ! யெல்லோ!" என்று காட்டிக்கொடுத்தாள். ஆன்ட்டி சோப்புப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் சிவந்ததே தவிரப் போகவில்லை.

அன்று டீம் ஜெயித்தது. எல்லா கோலுக்கும் பந்து கொடுத்தது மத்தேயோ. மறுநாள் மீதிச் சட்டைகளையும் அள்ளிக்கொண்டு வந்து ஆன்ட்டியிடம் சொன்னார்: "இதுலயும் வைக்கச் சொல்லுங்க. மறக்காம சோப்பும் போடச் சொல்லுங்க."

வரிசை

பிறகு ஊரே முதுகில் எட்டுத் தைத்துக்கொள்ள வந்தது, கீழே பொட்டோடு. மௌரி தெருக் கடையில் மஞ்சள்தூள் வாங்கி வாங்கி, எங்கள் வீட்டில் தினமும் விருந்து என்று பேராகிவிட்டது. 'மஞ்சளாவது மந்திரமாவது' என்று சிரித்துவிட்டுப் போன பக்கத்து ஊரான சன்னிவேலிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர், ஒரு நாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். பந்தாட்டச் சட்டை இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "க்ரீன் கார்டு இன்டர்வியூம்மா. காலருக்கு உள்பக்கமா வெச்சிடு, வெளிய தெரிய வேணாம்."

பிரிப்பு

பாதி சீசனில் மத்தேயோவுக்கு முட்டி போயிற்று. டீம் அவரை நிறுத்திவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவருக்குப் பதினாறாம் நம்பர். தைக்க நின்ற அதே வரிசை இப்போது பிரிக்க நிற்கிறது. என் கையில் இருக்கும் இந்தச் சட்டைக்காரர் சொன்னது: "எட்டை எடுத்துட்டுப் பதினாறு போடுங்க. மஞ்சள் மட்டும் இருக்கட்டும்."

நம்பர் இல்லாத சட்டை

இன்று காலை மத்தேயோ கைத்தடியோடு வந்தார். டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலையாம். மனைவியும் மகளும் நேராக அங்கேயே வருகிறார்களாம். கோச் சட்டையில் நம்பர் கிடையாது, பொட்டுக்காகத்தான் கொண்டுவந்திருந்தார். "இது ஜெயிக்கிறதுக்குத்தானே?" என்று ஆன்ட்டி மூலம் கேட்டார். இனியும் மறைப்பானேன் என்று, "இல்லை, புதுத் துணிக்கு வைக்கிறது, அவ்வளவுதான்" என்றேன். ஆன்ட்டி சொல்லி முடித்ததும் அவர் தன் முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லவேளை. இதுக்கும் நீதான் காரணமோன்னு நினைச்சேன்."

இத்தனை நம்பர் தைத்தும், இந்தக் கடையில் கழுவினாலும் பிரித்தாலும் போகாத என் வேலை அந்தக் கறை ஒன்றுதான் என்று எழுதும்போதே, இதோ ஆன்ட்டி கூப்பிடுகிறார், வாசலில் யாரோ பதினாறைப் பிரிக்க...