ஆஸ்பத்திரி லைன்காரர்

எங்கள் தெருவில் அன்செல்மோ கர்ராஸ்கியோ என்று ஒருவர் இருக்கிறார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே பெரிய காரியம், சரியான பக்கத்தில் வீடு வாங்கியதுதான்.

அவர் இருக்கும் வரிசைக்கு வரும் மின்கம்பி மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற கம்பி. எங்கள் வரிசையின் கம்பி ஆற்றோரமாகச் சுற்றி, மூங்கில் புதருக்குள் புகுந்து, யாருக்கும் அவசரமே இல்லாத மாதிரி வந்து சேர்கிறது. புயல் அடித்தால் புவேர்ட்டோ ரிக்கோ முழுக்க இருண்டு போகும். முதலில் ஆஸ்பத்திரி லைனைத்தான் சரி செய்வார்கள். அது நியாயம், அங்கே மனிதர்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அன்செல்மோ அந்த நியாயத்தின் முதுகில் ஒட்டிக்கொண்ட உண்ணி. அவர் வரிசையில் மற்றவர்களெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டதால், அந்தப் பெருமையில் பங்கு கேட்கவும் ஆள் கிடையாது.

ஓய்வு பெறும்வரை அவர் முனிசிபாலிட்டி வண்டி ஷெட்டில் கேட் காவலராக இருந்தார். வண்டி வந்தால் திறப்பது, போனால் மூடுவது. குப்பை லாரிக்காரர்கள் "காலை வணக்கம், தோன் அன்செல்மோ" என்று சொன்னால்தான் கேட் திறக்கும். 'ஐயா' மாதிரியான அந்த 'தோன்' விட்டுப்போனால் சாவியைத் தேடுவார். இடுப்பில் தொங்கும் சாவியைத்தான்.

புயல் காலம் தொடங்கும் ஜூன் பிறந்தால் ஜன்னல்களுக்கு மாட்டும் தகரப் பலகைகளை வெளியே எடுத்துக் கழுவி, நம்பர் எழுதி, வெயிலில் சாய்த்து வைப்பார். அதை நாங்கள் பார்த்தாயிற்று என்று தெரிந்த பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வரிசையைச் சோதனை போட வருவார்.

"ப்ரோவி, மேல தண்ணி டேங்கை இன்னும் கட்டலையா நீ?"

"கட்டுவேன், தோன் அன்செல்மோ."

"எப்போ? அது பறந்து வந்து என் கூரையில உக்காந்த பிறகா?"

"உக்காந்தா ஒரு காபி குடுத்து அனுப்புங்க."

ப்ரோவிதென்சியா எனக்கு அடுத்த வீடு. என் மூத்தவனுக்கு ஞானத்தாய். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போடுவது முன்னறையில் நிற்கும் ஃப்ரீஸர்தான். தேங்காய்ப்பாலிலும் புளியிலும் கப் கப்பாக உறைய வைத்த லிம்பர் என்கிற ஐஸ், வாழையிலையில் மடித்த பஸ்தேல் என்கிற கறிக் கொழுக்கட்டை, எல்லாம் ஜன்னல் வழியாக வியாபாரம். கரண்ட் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வாரத்தில் கை காலியாகிவிடும். இது தெரு முழுக்கத் தெரியும். அன்செல்மோவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

முந்தின ஒரு புயலின்போது அவர் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை மாமரக் கிளை வழியாகக் கட்டித் தெருவுக்கு இந்தப் பக்கம் விட்டார். ப்ரோவியின் ஃப்ரீஸர் ஓடியது. அதற்காக அவர் தினமும் வந்து உட்கார்ந்து, தேங்காய் லிம்பர் தின்றுகொண்டு, முன்யோசனை என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். செல்போன் சார்ஜ் போடப் போனவர்களும் அவர் வராந்தாவில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்டார்கள். ஒருநாள் காலை ப்ரோவி முதல் காபியை எங்கள் வரிசைப் பையன் சிந்தோவுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் விடிந்ததிலிருந்து அவள் கூரையில் ஏறி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான். அன்செல்மோ இரண்டாவது காபியைக் குடித்தார், எழுந்தார், வீட்டுக்குப் போனார், வயரைப் பிடுங்கினார். சாயங்காலம் ஃப்ரீஸருக்கு அடியில் வெள்ளையாகத் தேங்காய்ப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, கழண்டுக்கிச்சா? வந்து சொல்லியிருக்கலாமே," என்றார். கேட்டில் நின்ற அதே மூஞ்சி.

ப்ரோவி துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

போன செப்டம்பரில் மறுபடி புயல் வந்தது. முந்தின நாள் எங்கள் பக்கம் யாரும் உட்காரவில்லை. டிரம், அண்டா, குளியல் தொட்டி, வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தோம். காற்றில் குண்டு மாதிரி பறந்து ஜன்னலை உடைக்கும் என்று சிந்தோ மரத்திலேறிக் கறிப்பலாக்காயை எல்லாம் தள்ளினான். ப்ரோவி ஃப்ரீஸரில் இடுக்கு விடாமல் தண்ணீர்ப் பைகளைத் திணித்தாள். எத்தனை அடைத்தாலும் இரண்டு மூன்று நாள் தாங்கும், அவ்வளவுதான்.

அன்செல்மோ பலகைகளை மாட்டி முடித்துவிட்டு, நாங்கள் வாளி வாளியாகச் சுமப்பதை வராந்தாவிலிருந்து வேடிக்கை பார்த்தார்.

"தண்ணி பிடிக்கலையா, தோன் அன்செல்மோ?" என்று சிந்தோ மரத்திலிருந்து கத்தினான்.

"கரண்ட் இருக்கற வீட்டுக்குத் தண்ணி தானா வரும்டா. இந்தப் பானை, சட்டி பொழப்பெல்லாம் உங்க பக்கத்துக்கு."

முந்தின புயலில் அவர் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. அதையும் ஆஸ்பத்திரி லைன் கணக்கில் எழுதிவிட்டார்.

புயல் வந்தது, இரவெல்லாம் கத்தியது, போனது. தெருவில் இலை ஒன்று மிச்சமில்லை. இரண்டாம் நாளே அன்செல்மோ வராந்தாவில் விளக்கு எரிந்தது. பட்டப்பகலில் எரிந்தது. அதற்குக் கீழே நாற்காலி, நாற்காலியில் அவர், மடியில் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர். யார் வந்து கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்ன யார். ப்ரோவிதான்.

நான் போய்ச் சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டுடேன் கொமாய். இவ்வளவும் போயிடும்." ஞானத்தாய் உறவில் நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவள் ஃப்ரீஸர் மூடியைத் தூக்கி உள்ளே கை விட்டாள். பைகளில் பாதி தண்ணீராகியிருந்தது.

"கேக்கலாம். குடுப்பான். அப்புறம் நான் யாருக்கு முதல்ல காபி குடுக்கணும்னு அவன்கிட்ட தினம் கேக்கணும்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"தெரியலை. இப்போ நீ போய் உன் பெரிய சட்டியைக் கொண்டுவா."

வாசலில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினாள். விறகுக்குத் தெருவில் பஞ்சமா? பஸ்தேல் அத்தனையும் கொதித்தது. எங்கள் ஃப்ரீஸரில் இருந்த பன்றிக்கறி, கோழி, அடுத்த வீட்டு நண்டு எல்லாம் அந்த அடுப்புக்கே வந்தன. சிந்தோ தள்ளிய கறிப்பலாக்காய் உப்பு மீனோடு வெந்தது. பிள்ளைகள் லிம்பரைக் கரைவதற்குள் தின்று உதடு நீலம் பாரித்து நின்றார்கள். அவளுடைய ஒரு மாத வருமானத்தைத் தெருவே தின்றது. அவள் முகத்தில் தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை. "இலையைக் கீழ போடாதீங்க, எறும்பு வரும்" என்று திட்டிக்கொண்டே பரிமாறினாள்.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அன்செல்மோவின் மனைவி எர்மினியா வாளியோடு தெருவைத் தாண்டி வந்தாள்.

"ப்ரோவி, ஒரு வாளி தண்ணி இருக்குமா? வீட்டுல ஏசி ஓடுது, டிவி ஓடுது, ஃப்ரிட்ஜ் ஓடுது. கக்கூஸ்ல தண்ணி மட்டும் ஓடலை."

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்துக்குள் இந்த முறை ஆற்றுச் சேறு புகுந்திருந்தது. கரண்ட் இருக்கிற வீட்டுக் குழாயும் காற்றைத்தான் விட்டது.

ப்ரோவி வாளியை வாங்கி நிரப்பினாள். பிறகு ஒரு தட்டில் பஸ்தேல் வைத்தாள். எர்மினியா வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தின்றாள், சிரித்தாள், சிந்தோவிடம் டொமினோவில் தோற்றாள், பொழுது சாய்ந்துதான் போனாள். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள், நாற்காலியையும் தூக்கிக்கொண்டு. எதிர் வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"எர்மினியா! எனக்குச் சாப்பாடு?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு. உனக்குத்தான் கரண்ட் இருக்கே, சுட வெச்சுக்கோ!"

அதற்கும் மறுநாள் அவரே வந்தார். தோளில் வயர்ச் சுருள், கையில் ஒரு காலி வாளி. வாளியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். ஏசியில் உட்கார்ந்த மனிதரிடம் அப்படி ஒரு வாடை வரும் என்று நான் நினைத்ததில்லை. எர்மினியா கொண்டுபோன தண்ணீரைக் கக்கூஸுக்கே ஊற்றினாள் போலிருக்கிறது.

"ப்ரோவி, வயர் கொண்டுவந்திருக்கேன். உன் ஃப்ரீஸருக்கு."

ப்ரோவி அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். ஃப்ரீஸர் மூடி திறந்து சாய்ந்திருந்தது. உள்ளே துடைத்துக் காயவிட்டு, பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு கிண்ணத்தில் காபித்தூள் வைத்திருந்தாள்.

"காலியா?"

"காலி."

"எல்லாமா? வந்து கேட்டிருக்கலாமே நீ."

"கேட்டிருக்கலாம்," என்றாள். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அவர் நின்றார். நாங்கள் டொமினோவை நிறுத்திவிட்டோம். தண்ணீர் என்று ஒரு சொல். அது அவர் தொண்டையிலிருந்து வருவதற்குள் முனிசிபாலிட்டி கேட்டை நூறு தடவை திறந்து மூடியிருக்கலாம்.

"எர்மினியாதான் தண்ணி கேட்டுட்டு வரச் சொன்னா..."

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் எர்மினியா, டொமினோக் கட்டையைக் கீழே வைத்தபடி.

சிந்தோ இருமினான். ப்ரோவி அதற்குமேல் காத்திருக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வாளியைப் பிடுங்கினாள், பார்த்தாள், அது தரை துடைக்கிற வாளி. அதை மூலையில் போட்டுவிட்டு, தன் வீட்டுப் பச்சை வாளியை டிரம்மில் முக்கி, வழிய வழிய அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல குளிங்க. நாத்தம் தாங்கலை."

வேறு யாராக இருந்தாலும் ஒரு நன்றியாவது சொல்லியிருப்பார்கள். அன்செல்மோ டிரம்மை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த மூடி சரியா உக்காரலை. கொசு முட்டை போடும்," என்றார்.

பிறகு ஒரு தோளில் வயரும் ஒரு கையில் வாளியுமாக, தெரு முழுக்கச் சிந்திக்கொண்டு, பகலில் எரியும் தன் விளக்கை நோக்கி நடந்தார்.

எங்கள் பக்கம் கரண்ட் வர நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை ப்ரோவி பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவினாள். இப்போது ஃப்ரீஸர் மறுபடி ஓடுகிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது. அந்தப் பச்சை வாளி இன்னும் எதிர் வீட்டில்தான் இருக்கிறது. அதில் அவர் காரைக் கழுவுகிறார். ப்ரோவி திருப்பிக் கேட்கவில்லை. சந்தையில் வேறு வாளி வாங்கிக்கொண்டாள்.