ரிப்போர்ட்டில் இல்லாத நாலாவது வரி

1. மூன்று வரி

லிஃப்ட் கம்பெனியில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் நாள், கிள்ளானில் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. பழுது பார்த்ததும் சூப்பர்வைசர் பெருமாள் அண்ணன் என்னை சர்வீஸ் ரிப்போர்ட் எழுதச் சொன்னார். உற்சாகத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். உள்ளே அழுத குழந்தையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"தம்பி, கதை விடாத லா. என்ன கெட்டுச்சு, ஏன் கெட்டுச்சு, நீ என்ன செஞ்ச. மூணு வரி. முடிஞ்சது."

என் பக்கத்தைக் கிழித்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருடம் நான் மூன்று வரியைத் தாண்டவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி புஷ்பாவுக்கு எழுதிய கடிதமும் அந்த அளவுதான் என்று அவள் இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

2. ஜெஞ்சாரோமிலிருந்து விண்வெளிக்கு

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதத்துக்குள் வீட்டிலிருந்த எல்லா சுவிட்சையும் கழற்றி மாட்டி முடித்துவிட்டேன். "வேற ஏதாச்சும் செய்யுங்க. வீட்டை விட்டுடுங்க," என்றாள் புஷ்பா. சின்ன வயதிலிருந்தே எனக்கு விண்வெளிக் கதை என்றால் பைத்தியம். அறுபத்தோரு வயதில் நாவல் ஒன்றை ஆரம்பித்தேன். கிள்ளான் பக்கத்து ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்தின் நடுவிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு ஒரு லிஃப்ட் போகிறது. பாதி வழியில் நின்றுவிடுகிறது. எனக்கு இதைவிடத் தோதான கதை ஏது?

பெருமாள் அண்ணனிடம் ஃபோனில் சொன்னேன். "இங்க மூணாவது மாடிக்கே ஒழுங்கா போக மாட்டேங்குது. நீ விண்வெளிக்கு விடுறியா?" என்று சிரித்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பதிப்பகம் நடத்தும் ஷாமினி, கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். அவர் ஆபீஸ் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறிப் போனேன்.

"அங்கிள், கேபிள், பிரேக், மோட்டார் எல்லாம் சூப்பர். ஆனா லிஃப்ட் நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, ஹீரோ சரி பண்ணிட்டாரு. நாலே பக்கம்! உள்ள மாட்டிக்கிட்ட அந்தப் பொம்பள என்ன ஆனாங்க?"

"சேஃபா வெளிய வந்துட்டாங்களே மா."

"அது ரிப்போர்ட் அங்கிள். அந்தச் சாப்டர் சரியா வந்தா புக்கு போடுறேன். இல்லனா சாரி லா."

திரும்பும் ரயிலில் மனதுக்குள் ஷாமினியைத் திட்டிக்கொண்டே வந்தேன். கிள்ளானில் இறங்கும்போதுதான் உறைத்தது. எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன், ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் மேலே மோட்டார் ரூமில் இருப்பேன். கீழே நின்று மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவது கூட வரும் பார்ட்னர் வேலை. எழுத எனக்கு எதுவுமே தெரியாது. நாவல் போச்சு என்றே நினைத்தேன்.

3. எந்த மாடி?

வீட்டில் புலம்பினேன். "லிஃப்டுல மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும்னு யாரைப் போயி கேக்குறது?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த புஷ்பா நிமிரவே இல்லை. "என்னைக் கேளுங்க. பழைய ஃபிளாட்டுல நான் மாட்டிக்கிட்டேனே. நீங்கதானே ஓடி வந்து எடுத்தீங்க."

"ஞாபகம் இருக்கு. டோர் லாக் காண்டாக்ட் போயிருச்சு. பிரேக்கை லூஸ் பண்ணி, வீலைக் கையால சுத்தி இறக்குனேன்."

"அதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. நான் வெளிய வந்ததும் என்ன கேட்டீங்க? 'எந்த மாடிகிட்ட நின்னுச்சு?' அதான் கேட்டீங்க."

மீதியையும் அவளே சொன்னாள். விளக்கு அணைந்துவிட்டது. பாசார் சந்தையில் வாங்கிய மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஸ்கூல் விட்டு வரும் மகனுக்கு யார் கதவு திறப்பார்கள் என்று நினைத்து, அந்தச் சொட்டை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மேல ஸ்பேனர் சத்தம் கேட்டுச்சு. நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு. என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே எழுத உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டவளை ஹீரோவின் மனைவியாக்கி, கையில் ஒரு மீன் பையைக் கொடுத்து விண்வெளி லிஃப்டில் ஏற்றினேன். நாலு பக்கம் முப்பது பக்கமானது. "இப்பதான் அங்கிள் எனக்கு மூச்சு முட்டுது. புக்கு போடுறோம் லா," என்றார் ஷாமினி.

4. பதில்

இளம் மெக்கானிக்குகள் யாராவது இதைப் படித்தால், ரிப்போர்ட்டை மூன்று வரியிலேயே எழுதுங்கள். பெருமாள் அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் பேனாவை எடுக்கும் முன், கதவைத் தாண்டி வெளியே வருகிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அது புத்தகம் எழுதித்தான் தெரிந்தது.

புத்தகம் வந்த அன்று புஷ்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அத்தியாயத்தை மட்டும் படித்தாள். அதன் முடிவில் கதவு திறக்கிறது. ஹீரோ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம், "பயந்துட்டியா?" என்று கேட்கிறான். அதோடு அத்தியாயம் முடிகிறது.

புஷ்பா புத்தகத்தை மூடி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "ரொம்பப் பயந்துட்டேன்."