வெயில் பைலட்

"டெஸ்ட் முடிஞ்சிச்சா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றாள். அது அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால் கேன்டீன் தட்டுகளின் சத்தம் கேட்டது. போனைச் சரியாக மூடாமல் பக்கத்தில் இருந்தவர்களிடம், "பொண்ணு பாஸ் பண்ட்டா" என்று சொன்னதும் கேட்டது.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. டெஸ்ட் முடிந்திருந்தது. நான் ஃபெயில் ஆகியிருந்தேன்.

விமானம் ஓட்டும் எங்களுக்கு ரேடியோவில் பேசுவதற்குக் கடுமையான விதிகள் உண்டு. கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தையும் திசையையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகத் திருப்பிச் சொன்னால் அவர்கள் உடனே திருத்துவார்கள். இரண்டு அர்த்தம் வரக்கூடிய சொல்லைத் தொடவே கூடாது. அன்று அம்மா தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொன்னாள், என் காதில் விழும்படியே சொன்னாள். திருத்த வேண்டியவள் நான். போனை வைத்துவிட்டேன்.

அது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான டெஸ்ட். அது இல்லாத பைலட், தரை தெரியும்படிதான் பறக்க வேண்டும். மேகத்திலிருந்து விலகியே இருக்க வேண்டும். ரேட்டிங் கிடைத்தால் வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டலாம். டெஸ்டில் அதற்காகவே நெற்றியில் நீண்ட மறைப்பு ஒன்றை மாட்டிவிடுவார்கள். ஹூட் என்போம். அதை மாட்டினால் முன்னால் உள்ள கருவிகளின் முட்கள் மட்டுமே தெரியும், கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாது.

ஹூடுடன் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது ஒரு உயரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த உயரத்தில் ஓடுபாதை கண்ணில் பட்டால் இறங்கலாம். படாவிட்டால் யோசனையே கூடாது, முழு சக்தி கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். டெஸ்டில், பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைப்பவர் ஹூடைத் தூக்கினால்தான் ஓடுபாதை தெரியும். தூக்கிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தூக்கவில்லை. இப்போது தூக்குவார், இதோ இப்போது என்று இறங்கிக்கொண்டே இருந்தேன். அவர் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அதோடு நான் ஃபெயில்.

மறு டெஸ்டுக்கு இடைவெளி இருந்ததால் ஆம்பூருக்கு வந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். நேரில் சொல்லிவிடலாம் என்று ரயிலிலேயே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அம்மா ஸ்டேஷனுக்கே வந்து நின்றாள். கையில் பிரியாணிப் பொட்டலம். ஆட்டோக்காரரிடம், "மெதுவா போப்பா, பைலட்டு ஒக்காந்திருக்கு" என்றாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கிப்போனாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து ஷூவின் மேல்பாகம் தைத்தவளை எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன். காரணங்களை வரிசைப்படுத்துவதில் நான் கெட்டிக்காரி.

ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தபோது அம்மா எழுந்தாள். அவள் அதுவரை சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எம் பொண்ண ஆண்டவர் பாஸ் பண்ண வெச்சாரு. மேகத்துக்குள்ள போற பரீட்சை அது" என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து விலகி இடம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அம்மா வேலை செய்யும் ஷூ கம்பெனியில் மகளிர் தினம். பேச வரச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா, "தையல் லைன் பூரா சொல்லி வெச்சிட்டேன்டி" என்றாள்.

கேன்டீனிலேயே விழா. தையல் பிரிவுப் பெண்கள் நீல மேலங்கியோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். எச்.ஆர். மேடம் என்னை "நம்ம கம்பெனியின் பெருமை" என்றார். நான் அந்தக் கம்பெனியில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "மேகத்துக்குள்ள போனா ஒண்ணுமே தெரியாதாமே. அப்புறம் எப்டி ஓட்டுவீங்க?"

தெரிந்ததைச் சொல்வது எனக்கு எளிது. வரிசையாகச் சொன்னேன். விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்ட ஒரு கருவி, உயரத்துக்கு ஒன்று, திசைக்கு ஒன்று, எல்லாம் சரியாக வேலை செய்ய வேண்டும். போகும் வழியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். போகிற ஊரில் இறங்க முடியாமல் போனால் எந்த ஊரில் இறங்குவோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அங்கே போகவும் எரிபொருள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சொல்வதை நம்பக் கூடாது. நேராகப் போவதாக உடம்பு சொல்லும், முள்ளைப் பார்த்தால் விமானம் சாய்ந்திருக்கும்.

அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஆபா எழுந்தாள். உருதில் அக்கா என்று அர்த்தம், எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வேற ஊர்ல எறங்கறதா? அதான் எங்களுக்கே தெரியுமே. ரயில்ல ஆம்பூர்ல எறங்காம தூங்கிட்டா ஜோலார்பேட்ட" என்றாள். கேன்டீன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தோடு தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

"அப்ப மழ மேகத்துல நீங்க ஓட்டுவீங்களா?" என்றாள் முதலில் கேட்டவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து அம்மா சொன்னாள்: "அதுக்குத்தான டெஸ்டே. போன வாரம்தான் முடிச்சா."

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. முடித்தாள். அதே சொல், இப்போது அவள் வாயில். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து நான் சொன்னது தைரியத்தால் அல்ல, இன்னொரு முறை அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"இல்லீங்க. டெஸ்டுக்குப் போனேன். பாஸ் ஆவல. இப்பத்திக்கு மேகத்துல ஓட்டக் கூடாது."

கேள்வி கேட்டவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆபாதான் காப்பாற்றினாள். "அப்ப வெயில் பைலட்டுனு சொல்லு. ஆம்பூர் வெயிலுக்கு அது போதும், ஜாஸ்தி" என்றாள். மறுபடி சிரிப்பு, கைத்தட்டல். எச்.ஆர். மேடம் பூங்கொத்து கொடுத்தார்.

அம்மா சிரிக்கவில்லை. மேலங்கியில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிசிறு தீர்ந்த பிறகும் விரல் தேடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து யாரோ, "வெயில் பைலட்டு, வண்டிய எடு" என்றார்கள். கிண்டலில் விஷமம் இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஃபெயிலானா இன்னா இப்போ?" என்றாள் பிறகு, தாழ்ந்த குரலில். "நான் தைக்கக் கத்துக்கினப்ப ரிஜெக்ட் மேல ரிஜெக்ட். அது இல்ல. லைன்ல இருக்கிறவங்களோட ஒண்ணா ஒக்காந்து நானும் தெரிஞ்சிக்கணுமா? எத்தினி நாளா வீட்ல இருந்த?"

என்னிடம் காரணங்கள் இருந்தன. பிரியாணி, தூக்கம், ஸ்டேஷன், ஞாயிற்றுக்கிழமை. பூங்கொத்தை மடியில் திருப்பித் திருப்பி வைத்தேன்.

"சபைல வேற நின்னேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு சபைக்கு நான் வரவில்லை என்றேன். "வா" என்று மட்டும் சொன்னாள். சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. பொண்ணு இன்னும் பாஸ் ஆவல. அவ சரியாத்தான் சொன்னா, நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன். ஜெபிச்சிக்கோங்க."

உட்கார்ந்து பைபிளைத் திறந்துகொண்டாள். அந்தத் தவறை அவள் தன் பெயரில் எழுதிக்கொண்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து, இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். என் வலது கை பெஞ்சின் முனையைப் பிடித்திருந்தது. எழவில்லை. சபை கலையும்போது சிலர் அம்மாவிடம், "பரவால்லக்கா, காதுல சரியா விழுந்திருக்காது" என்றார்கள். அம்மா தலையாட்டினாள்.

மறு டெஸ்டில் அந்த உயரம் வந்தபோது ஓடுபாதை தெரியவில்லை. காத்திருக்கவில்லை. மேலே ஏறினேன். இரண்டாவது முறை இறங்கும்போது ஹூடைத் தூக்கினார், ஓடுபாதை தெரிந்தது, இறங்கினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து அம்மாவுக்கு போன் செய்தேன்.

"டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டேன்மா."

தட்டுச் சத்தம் கேட்டது. ஸ்தோத்திரம் வரவில்லை.

"நீ பாஸ் ஆயிட்ட" என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

"ஆமாம்மா. பாஸ் ஆயிட்டேன்."

"பேப்பர் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டுத்தான் இந்தத் தடவ சபைல எந்திரிப்பேன்."

பள்ளிக்கூடத்தில் என் மார்க் ஷீட்டை அவள் படித்துப் பார்த்ததே இல்லை. எவ்வளவு என்று கேட்பாள், நான் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுவாள். தாளை மேசைமேல் விரித்து, நிழல் விழாதபடி நின்று போட்டோ எடுத்தேன். முடிவு எழுதிய இடம் கொஞ்சம் மங்கலாக வந்திருந்தது. அதை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன்.