தாஜுதீன் பாயின் முதல் தண்ணீர்

தாஜுதீன் பாய் தொட்டிக்குள் குனிந்து, தண்ணீர் பீய்ச்சும் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். விருந்தினர்கள் இறங்கி உட்காரும் அந்த வெந்நீர்த் தொட்டி புதிது. சுஃப்ரேன் வீதியிலுள்ள எங்கள் விடுதியின் மொட்டைமாடிக்கு முந்தின நாள்தான் கிரேனில் ஏறி வந்திருந்தது. வரவேற்பு மேசையில் இருக்க வேண்டிய நான் வேடிக்கை பார்க்க மேலே வந்துவிட்டேன்.

"புதுசுன்னு நம்பி எறங்கக் கூடாது சார். கம்பெனில தண்ணி வுட்டு ஓட்டிப் பாத்துருப்பான். அது இன்னும் குழாய்க்குள்ளதான் கெடக்கும்."

அதனால் தொட்டியை நிரப்பி, மருந்து ஊற்றி, மோட்டாரை ஓடவிடுவார். பழுப்பு நுரை பொங்கும். அத்தனையையும் திறந்துவிட்டு, துடைத்து, மறுபடி லாரித் தண்ணீர் பிடிப்பார். இந்த இரண்டாவதைத்தான் அவர் முதல் தண்ணீர் என்பார். போனதைத் தண்ணீராகவே மதிப்பதில்லை.

"மொதல்ல காரம், அப்பறம் பிஎச், கடைசிலதான் குளோரின். வரிசை மாறுச்சுன்னா தண்ணி சொன்ன பேச்சு கேக்காது."

ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பேச்செல்லாம் அப்போதுதான். "நெறம், மணம், ருசி மூணும் மாறாத தண்ணிலதான் தொழுகைக்கு முன்னாடி ஒளு செய்யணும்னு ஓதப் போன எடத்துல சொல்லிக்குடுத்தாங்க. நான் பண்றது அந்த வேலையேதான் சார், என்ன, கொஞ்சம் சூடு." உழவர்கரையிலிருந்து மொபெட்டில் வந்து இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறார். இப்போது மொபெட் இல்லை, பஸ். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் வெளிறிய திட்டுகள் உண்டு.

கீழே எங்கள் நீச்சல்குளத்துக்கு வாராவாரம் வரும்போதும், சோதனைப் பட்டையைத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் அவர் அதைப் பார்ப்பதில்லை. அறைகளைச் சுத்தம் செய்யும் அஞ்சலாட்சியிடம் நீட்டுவார். "எத்தினியாவது கட்டம், சொல்லு பாப்போம்." அவளும் பட்டையை, அது வந்த பாட்டிலில் அச்சிட்ட வண்ணக் கட்டங்களோடு ஒத்துப் பார்த்து, "ரோசு, மூணாவது பாய்" என்பாள். தொழில் கற்றுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

அன்று அவள் கீழே இருந்ததால் பட்டையை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க பாய்" என்று விளையாடினேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"சக்கர வியாதி சார். கண்ணு நரம்பு போச்சு. ஆளுங்க நெழலாட்டம் தெரியறாங்க, கலரெல்லாம் ஒண்ணுதான். கதிர்காமம் ஆஸ்பத்திரில காட்டுனேன். போனது வராது, இருக்கறதக் காப்பாத்திக்குங்கன்னாங்க."

இருப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். மகள் அனம் நர்சிங் இரண்டாம் வருடம்.

"தண்ணி பாக்கறவனுக்குக் கண்ணு தெரியலன்னா யாரு சார் கூப்புடுவா?"

குளோரின் கூடினால் இறங்குகிறவர்களின் கண்தான் முதலில் எரியும். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். பட்டையைப் பார்த்து, "ரெண்டாவது கட்டம்" என்றேன். அவர் மருந்தைக் கைநிதானத்தில் அளந்து போட்டார். அடுத்த பட்டையில் எல்லாம் சரியாக வந்துவிட்டது.

சாயங்காலம் விடுதி முதலாளி செம்மல் கைப்பேசியோடு மாடிக்கு வந்தார். "பாய், கடைசியா ஒரு டெஸ்ட் பண்ணுங்க, வீடியோ போடணும். பாட்டில்ல வச்சிப் பாப்பீங்கள்ல, அது நல்லாத் தெரியட்டும். யாரும் பேசாதீங்க."

அஞ்சலாட்சி துண்டுகளை அணைத்தபடி நின்றாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நானாவது ஒரு இருமல் இருமியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

பாய் பட்டையை முக்கி எடுத்து உதறினார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, பட்டையை அதன்மேல் வைத்தார். அந்தப் பக்கத்தில் கட்டம் ஒன்றுகூட இல்லை. கம்பெனியின் பெயரும் பொடி எழுத்துகளும்தான்.

செம்மலின் கைப்பேசி மெல்லக் கீழே இறங்கியது. பாய் அதை அறியவில்லை. எழுத்துகளின் மேல் பட்டையை மேலும் கீழுமாக நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தி, கேமரா இருந்த திசையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.