றெஜினா அக்கா போகாத பயணங்கள்

செவ்வாய்க்கிழமை, பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையில் விட்டுக்கொண்டு நின்றபோது றெஜினா அக்காவின் தம்பி ஜெறோம் அழைத்தார். "அக்கா விடியப் போயிட்டா" என்றார். மண்டபத்தில் அன்று என் முறை. கடைசிப் பிள்ளை சாப்பிட்டு எழும்பும்வரை அங்கேயே நின்றேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென் லண்டனில் நான் உதவி ஆசிரியையாக இருக்கும் பாடசாலையில் பதினேழு ஆண்டுகள் கூடைப்பந்துப் பயிற்றுநராக இருந்தவர் அக்கா. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பாடசாலையில் விளையாடத் தொடங்கியவரைக் கொழும்பு நிறுவனமொன்று தன் அணிக்காக வேலைக்கு எடுத்தது. நியமனக் கடிதத்தில் எழுதுவினைஞர் என்றிருந்தது. வேலையோ விளையாடுவது மட்டும்தான். விளையாட்டையே தொழிலாகக் கொண்ட எங்கள் முதற்பெண்களில் அவரும் ஒருவர். "மேசை ஒண்டும் தந்தவை. அதுக்குள்ளை நான் சப்பாத்து வைக்கிறனான்" என்பார்.

கொழும்பில் இருக்க முடியாத நிலை வந்தபோது, லண்டன் ஹரோவில் இருந்த தம்பியிடம் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஜேர்மனியிலிருந்து ஒரு கழகத்தின் ஒப்பந்தம் வந்தது. இரண்டு பருவங்கள் விளையாடலாம். ஆனால் பாஸ்போட் குடிவரவு அலுவலகத்தில் இருந்தது.

"திருப்பிக் கேட்டால் உங்கடை கேஸ் முடிஞ்சுது. பிறகு இஞ்சை வரவும் ஏலாது, ஊருக்குத்தான் அனுப்புவினம்" என்றாராம் வழக்கறிஞர்.

கழகம் ஒரு மாதம் பொறுத்துவிட்டு வேறொருவரை எடுத்தது. அக்காவின் விண்ணப்பத்துக்கு முடிவு வர ஏழு ஆண்டுகள் சென்றன. அதுவரை வேலை செய்யவும் அனுமதி இல்லை. பூங்காவில் இருந்த ஒற்றை வளையத்தில் தனியே பந்து எறிந்தார். அனுமதி வந்தபோது வயது முப்பத்தைந்து. ஒரு முழங்கால் போய்விட்டது.

"ஏழு வருசமும் ஒரு பக்கத்துக்குத்தான் விளையாடினன், சுகந்தி. மற்றப் பக்கத்திலை வளையமே இல்லை."

பாடசாலைக்கு வந்தபின் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவை மூட அவர் விட்டதேயில்லை. மாசிக் குளிரிலும் அது திறந்தே கிடக்கும். பிள்ளைகள் கோட்டோடு விளையாடினார்கள், தலைமை ஆசிரியை இரண்டு முறை கடிதம் அனுப்பினார். அக்கா பதில் எழுதவில்லை.

ஒரு வருடம் எங்கள் பெண்கள் அணிக்குப் பிரான்சில் ஆட அழைப்பு வந்தது. அணியின் கெட்டிக்காரி எரித்திரியாவிலிருந்து வந்தவள். அவளுடைய விண்ணப்பமும் முடிவாகவில்லை, போக ஏலாது. அக்காவிடம் பாஸ்போட் இருந்தது. வந்த நாள் முதல் அவர் கடல் தாண்டியதில்லை. புறப்படும் காலையில் பஸ்சடிக்கு வந்து, பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை என் கையில் தந்தார்.

"நீர் கூட்டிக்கொண்டு போம். நான் நிக்கிறன்."

"அக்கா, நீங்கள் இல்லாமல் என்னெண்டு?"

"போனால் அங்கையிருந்து அவளைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பன்."

மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பினோம். அந்த மூன்று நாளும் கூடத்தில் அக்காவும் அந்தப் பிள்ளையும் மாத்திரம் ஆடியிருக்கிறார்கள். பிறகொரு நாள், ஜேர்மனிக்கு ஒருக்காப் போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். "போய் என்னத்தைப் பாக்கிறது? வேறை ஆக்கள் விளையாடுவினம்" என்றார். நான் கேட்டிருக்கக் கூடாது.

ஓய்வு பெற்ற அடுத்த மாதமே சிறுநீரகங்கள் பழுதென்று தெரிந்தது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு. ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தபோது, குழாய் பூட்டிய கையைக் காட்டி, "இதை விட்டிட்டு எங்கை போறது?" என்றார்.

நேற்று ஜெறோம் மீண்டும் அழைத்தார். சவப்பெட்டிக்கு உயரம் கேட்கிறார்களாம், அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"ஐஞ்சடி பதினொண்டு" என்றேன். "அண்ணை, ஒரு அளவு பெரிசாய்ச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"இறுக்கம் வேண்டாம்."

"ஓம், சொல்லுறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அடக்கப் பூசை. காலை நீட்டிப் படுங்கள், அக்கா.