அமெரிக்கப் பாட்டுக்கு என் கட்டைக் குரல்

இன்று அஜ்மான் மாலில் மைக்கில் பாடிவிட்டு வந்திருக்கிறேன்.

மேடையில் நாலு அமெரிக்கர்கள். அவர்கள் ஊரில் வயலிலும் கப்பலிலும் பாடிய, எல்லாரும் மறந்துபோன பழைய பாட்டுகளைத் தேடியெடுத்துப் பாடுகிறார்களாம். மேளதாளம் எதுவும் இல்லை. ஆளுக்கொரு குரலில் பாடுகிறார்கள், ஆனாலும் அழகாகச் சேர்கிறது.

கூட்டத்தையும் கூடப் பாடச் சொன்னார்கள். எனக்கு வார்த்தை தெரியாது. ராகத்தைப் பிடித்து 'ம்ம்' என்று இழுத்தேன்.

பக்கத்தில், ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் மருமகளின் அம்மா. என் மூத்த மகன் கல்யாண நலங்கில் நான் பாட வாய் திறந்ததும், "சம்பந்தி, உங்களுக்குக் கட்டைக் குரல், நீங்க தட்டைப் புடிங்க" என்றவர். அதன்பிறகு நான் எந்த நலங்கிலும் பாடியதில்லை.

அந்த நாலு பேரில் ஒரு பாடகி நேராக என்னிடம் வந்து, இங்கிலீஷில் ஏதோ சொல்லி மைக்கை நீட்டினாள்.

கூட வந்திருந்த மகன் கத்தினான்: "அம்மா, அடிக்குரலுக்கு இந்தக் குரல்தான் வேணுமாம். விடாதீங்க!"

விடவில்லை. பாட்டு முடியும்வரை பிடித்தேன். ஒரே கைதட்டல்!

காரில் சம்பந்தி, "நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு நலங்குல ஏன் பாடல?" என்று கேட்டார்.

சின்னவனுக்குப் பெண் பார்க்கிறோம். நலங்கில் நான்தான் பாடுவேன். தட்டை யார் பிடிப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.